ஆபரேஷன் தியேட்டர்ல இன்ஃபெக்ஷன் கொறஞ்சுது, இப்ப திரும்ப ஏறுது. என்ன பண்ணலாம்?

தியேட்டர் சிஸ்டர்:
நான் ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரில இன்ஃபெக்ஷன் கண்ட்ரோல் நர்ஸ். என்ஏபிஎச் (ஆஸ்பத்திரி தரத்துக்கு சர்டிஃபிகேட் தர்ற அமைப்பு) இன்ஸ்பெக்ஷனுக்கு முன்னாடி எல்லாரும் சேர்ந்து நல்லாதான் பண்ணாங்க, ஆபரேஷனுக்கு முன்னாடி முடி எடுக்க ரேஸர் போய் கிளிப்பர் (முடிய வழிக்காம கத்தரிக்கற மெஷின்) வந்துச்சு, ஆன்டிபயாட்டிக் போட்ட டைம் எழுதுனாங்க, தையல்ல சீழ் பிடிக்கறது நல்லாவே கொறஞ்சுது. சர்டிஃபிகேட்டை ஃப்ரேம் போட்டு மாட்டுனதோட சரி. இப்ப செக்லிஸ்ட்ல டிக் மட்டும் பக்காவா இருக்கு, கேஸ் முடிஞ்சப்புறம் மொத்தமா உக்காந்து போடறாங்க. மறுபடி டிரெய்னிங் வைன்னு சொல்றாங்க. பிரயோஜனம் இருக்கா?

மதுரைக்காரன்:
டிரெய்னிங்க விடுங்க சிஸ்டர், மொதல்ல ஸ்டோருக்குப் போய் கிளிப்பர் பிளேடு தீர்ந்தா யாரு இண்டெண்ட் (ஸ்டோர்ல பொருள் கேட்டு எழுதற சீட்டு) போடறாங்கன்னு கேளுங்க. எங்க எடத்துல யாருமே போடல. ராத்திரி எமர்ஜென்சி சிசேரியன் வந்தா வார்டு பாய் பழைய ரேஸரத்தான் எடுப்பாரு, அவர சொல்லி என்ன. ரேஸர் பட்ட எடத்துல கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும், கிருமிக்கு அது போதும். முடி எடுக்கவே வேணாம், எடுத்தே ஆகணும்னா கிளிப்பர்னு டபிள்யூஎச்ஓ 2016லயே சொல்லியாச்சு. நாங்க ரேஸர் வாங்கறதையே நிறுத்திட்டு பிளேட ப்ரீ-ஆப் கிட்லயே (ஆபரேஷனுக்கு ரெடி பண்ற பொருள் செட்) வச்சிட்டோம், அதுக்கப்புறம் யாருக்கும் ஞாபகப்படுத்த வேண்டியதில்ல.

மயக்க டாக்டர்:
ஆன்டிபயாட்டிக்கும் அதே கததான். வார்டுலயே ஊசி போட்டு அனுப்பிடுவாங்க, முந்தின கேஸ் இழுத்துச்சுன்னா அந்த டோஸ் வீண். கத்தி வைக்க முன்னாடி 120 நிமிஷத்துக்குள்ளங்கறது வெளி எல்லை, செஃபாசோலின் மாதிரி ஒடம்புல சீக்கிரம் கொறையற மருந்துக்கு 60 நிமிஷத்துக்குள்ள போடறதுதான் நல்லது, ஆபரேஷன் 4 மணி நேரம் தாண்டுனா இன்னொரு டோஸ். ஊசி போடற பொறுப்ப தியேட்டர்ல அனஸ்தீசியா பக்கம் கொடுத்துடுங்க, டைம் அவுட்ல (கத்தி வைக்க முன்னாடி எல்லாரும் நின்னு சரிபாக்கற நேரம்) ஊசி போட்டாச்சான்னு ஒருத்தர் சத்தமா கேக்கணும். ஆபரேஷன் முடிஞ்சும் அஞ்சு நாள் ஊசி ஓட்டறாங்களே, அது தனி சண்டை, இங்க ஆரம்பிக்கல.

கோவை அக்கா:
ஏறுதுன்னு எத வச்சு சொல்றீங்கம்மா? டிஸ்சார்ஜ் வரைக்கும் பாத்து எண்ணுனா பாதி தெரியாது, ஆபரேஷனுக்கப்புறம் 30 நாள் பாக்கணும், இம்ப்ளாண்ட் வச்ச சில கேஸுக்கு 90. சீழ் பிடிச்சா அவங்க ஊர்லயே ஒரு டாக்டர்கிட்ட காட்டிக்குவாங்க, நம்மகிட்ட வரவே மாட்டாங்க. போன் போட்டு கேக்க ஒரு ஆள் வேணும். அந்த கணக்க ஒவ்வொரு சர்ஜனுக்கும் அவர் கேஸ மட்டும் கவர்ல போட்டு மாசாமாசம் குடுங்க, மீட்டிங்ல படிச்சா சண்டைதான் வரும்.

தியேட்டர் சிஸ்டர்:
போன் பண்ண ஆள் கேட்டா தரமாட்டாங்கக்கா 😄 பிளேடு இண்டெண்ட நாளைக்கே பாக்கறேன். டைம் அவுட்டுக்கு நிக்காத பெரிய சர்ஜன யாரு கேக்கறது, அத சொல்லுங்க டாக்டர்.

மயக்க டாக்டர்:
பேர், ஆபரேஷன், ஆன்டிபயாட்டிக் மூணும் சொல்ற வரைக்கும் ஸ்க்ரப் நர்ஸ் (சர்ஜனுக்கு கருவி எடுத்துக் குடுக்கறவங்க) கத்திய ட்ராலிலயே வச்சுக்கணும். ஆனா ஆஸ்பத்திரி மேனேஜிங் டைரக்டர் கையெழுத்துப் போட்ட ஆர்டர் இருந்தாதான் அந்தப் பொண்ணுக்கு தைரியம் வரும், அத மொதல்ல வாங்குங்க.