சி-ஆர்ம் இயங்கும் சத்திரசிகிச்சைக்கூடத்தில் ஊழியர்களுக்கான பாதுகாப்பு

வாவிக்கரையாள் (கேள்வி):
வணக்கம். மட்டக்களப்பு மாவட்ட வைத்தியசாலை ஒன்றின் எலும்பு முறிவுச் சத்திரசிகிச்சைக்கூடத்தில் தாதி உத்தியோகத்தராகப் பணியாற்றுகிறேன். எலும்புக்குள் கம்பி பொருத்தும்போது சி-ஆர்ம் எனப்படும் நகர்த்தக்கூடிய எக்ஸ்றே இயந்திரம் அடிக்கடி இயக்கப்படுகிறது. ஈயக் கவசங்கள் வைத்தியர்களுக்கும் எங்களுக்கும் போக, சிற்றூழியர்களுக்கு மிஞ்சுவதில்லை. ஆனால் நோயாளியின் காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மிகக் கிட்ட நிற்பவர்கள் அவர்கள்தான். அவர்களுள் கருவுற்றிருக்கும் தங்கச்சி ஒருத்தியை, இயந்திரம் நின்ற பிறகும் அறைக்குள் கதிர் தங்கியிருக்கும் என்று சிலர் பயமுறுத்துகிறார்கள். எது உண்மை, நாங்கள் எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதை விபரம் தெரிந்தவர்கள் கூறுங்கள்.

கல்முனை ரேடியோகிராபர்:
சகோதரி, முதலில் அந்தத் தங்கச்சியின் பயத்தைப் போக்குங்கள். மிதியிலிருந்து காலை எடுத்த கணமே எக்ஸ்றே நின்றுவிடும். சுவரிலோ உடுப்பிலோ ஒட்டியிருக்காது.

இயங்கும்போது உங்கள் மேல் படுவது பெரும்பாலும் நோயாளியின் உடலில் பட்டுச் சிதறும் கதிராகும். தூரம் இருமடங்கானால் அதன் அளவு ஏறத்தாழ நான்கிலொன்றாகக் குறையும் என்பதால், அழுத்துபவர் "எக்ஸ்றே" என்று குரல் கொடுத்து, பிடித்துக்கொண்டிருப்பவர் பின்வாங்கும் வரை பொறுக்க வேண்டும். பிடித்தே ஆகவேண்டுமென்றால் கவசத்தில் முதல் உரிமை அவருக்கே. எக்ஸ்றே வெளிவரும் குழாய் கட்டிலின் கீழே இருப்பது நல்லது. பக்கவாட்டில் படம் எடுக்கையில் சிதறல் குழாயின் பக்கமே அதிகம் என்பதால் அங்கே நிற்கக் கூடாது.

அரை மில்லிமீற்றர் ஈயத்துக்குச் சமமான கவசம் சிதறும் கதிரில் 90 சதவீதத்துக்கும் மேல் தடுக்கும். ஆனால் முன்பக்கம் மட்டும் மூடும் கவசத்தோடு கருவி மேசைப் பக்கம் திரும்பினால் முதுகு திறந்தே இருக்கும். இதைப் பலரும் கவனிப்பதில்லை. கவசத்தை மடித்துக் கதிரையில் போட்டால் உள்ளே வெடிப்பு விழும், வெளியே தெரியாது. தொங்கவிட்டு வையுங்கள், ஆண்டுக்கொரு முறையாவது சி-ஆர்மின் கீழேயே விரித்துப் பாருங்கள்.

அக்கரைப்பற்று வாசகர்:
வரம்புகளையும் சேர்த்துச் சொல்கிறேன். கதிர்வீச்சோடு பணியாற்றுபவருக்குச் சர்வதேசப் பரிந்துரை, ஐந்து ஆண்டுகளின் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவேட் (உடலில் சேரும் கதிர்வீச்சின் அலகு). எந்தவொரு தனி ஆண்டிலும் 50ஐத் தாண்டக் கூடாது. கண்வில்லைக்கு முன்பு 150 ஆக இருந்த வரம்பு, கண்புரை ஆபத்துக் காரணமாக 2011இல் இதே அளவுக்குக் குறைக்கப்பட்டது. கருவுற்றதை அறிவித்த நாளிலிருந்து, மிகுதிக் காலத்தில் குழந்தைக்குச் சேர்வது ஏறத்தாழ 1 மில்லிசீவேட்டை மீறாதபடி பணி அமைய வேண்டும். ஆகவே அந்தத் தங்கச்சி இன்றே எழுத்தில் அறிவிக்கட்டும். வேலையை விட வேண்டியதில்லை. நோயாளியைப் பிடிக்கும் பணியிலிருந்து மாற்றினாலே பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

வாவிக்கரையாள்:
மிக்க நன்றி. சிற்றூழியர்கள் எல்லோருக்கும் பொதுவாக ஒரே டி.எல்.டி. பட்ஜைத்தான் (கதிர் அளவைப் பதியும் வில்லை) கொடுத்திருக்கிறார்கள். அது போதுமா?

கல்முனை ரேடியோகிராபர்:
போதாது. பட்ஜ் கதிரைத் தடுப்பதில்லை, பட்ட அளவைப் பதிகிறது. பலர் மாறி மாறி அணிந்தால் யாருக்கு எவ்வளவு என்று எவராலும் சொல்ல முடியாது. ஒவ்வொருவருக்கும் அவரவர் பெயரில் கேளுங்கள். கவசத்தின் உள்ளே நெஞ்சில் அணிய வேண்டும்; இரண்டாவது கிடைத்தால் கழுத்தருகே வெளியே. வேலை முடிந்ததும் அறைக்குள் தொங்கும் கவசத்தில் அதை விட்டுச் செல்லாதீர்கள், ஆளில்லாத நேரத்துக் கதிரும் கணக்கில் ஏறிவிடும். 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்க அணுசக்திச் சட்டத்தைக் குறிப்பிட்டு, பணிப்பாளருக்கு எழுத்தில் கொடுங்கள்; சிற்றூழியர்களின் பெயர்களையும் அதிலேயே எழுதுங்கள்.