பாதியில் நிற்கும் பீகிள்: ஏரா வளைந்துவிட்டது, மூன்று வாரத்தில் வீடு மாற்றம்

தச்சன்குஞ்சு (கேள்வி)

எச்.எம்.எஸ். பீகிள் (டார்வின் போன கப்பல்), மரத்தில் செய்யும் மாதிரிக் கப்பல், 1:60 அளவு, இரட்டைப் பலகை கிட். முதல் அடுக்கு 1.5 × 5 மி.மீ பாஸ்வுட் பட்டை, அதன்மேல் 0.6 மி.மீ வெனீர் (மெல்லிய மரத்தகடு). முதல் அடுக்கு பாதியில் நிற்கிறது: இடது பக்கம் 14 வரிசை, வலது பக்கம் 9. குழந்தை பிறந்ததில் எட்டு மாதம் தொடவில்லை. இப்போது வேலை மாற்றலாகி மூன்று வாரத்தில் சென்னையிலிருந்து பெங்களூரு போகிறோம்.

நேற்று எடுத்துப் பார்த்தால் ஏரா (கப்பலின் அடிமரம்) வாழைக்காய் போல வளைந்திருக்கிறது. ஸ்கேலை நீளவாக்கில் வைத்தால் நடுவில் 3 மி.மீ இடைவெளி. அணியமும் (முன்முனை) அமரமும் (பின்முனை) இடது பக்கம் இழுத்திருக்கின்றன. ஒட்டியது சாதாரண வெள்ளை பெவிகால், சில இடங்களில் சூப்பர் குளூ.

1. இதை நிமிர்த்த முடியுமா, இல்லை பலகையை உரித்துவிட்டு மறுபடி தொடங்கணுமா?
2. சட்டத்தின் (பட்டையைத் தாங்கும் குறுக்கு விலா) மேல் அளந்தால், வேலுக்கு (wale, பக்கவாட்டில் ஓடும் தடித்த பலகை வரிசை) கீழே ஏரா வரை நடுவில் 95 மி.மீ, அணியத்தில் 62, அமரத்தில் 105. அணியத்தில் எல்லாப் பட்டையையும் 4 மி.மீ வரை சீவியிருக்கிறேன். இடது பக்கம் அங்கே இன்னும் 6 மி.மீதான் மிச்சம், ஆனால் ஐந்து வரிசை பாக்கி.
3. எப்படிப் பேக் பண்ணுவது?
4. இனி தனி மேசை கிடையாது. இரவு நாற்பது நிமிடம் கிடைத்தால் அதிகம்.

வங்குக்கட்டை

உரிக்க வேண்டாம். 3 மி.மீ நிமிர்த்தக்கூடிய அளவுதான்.

முதலில் காரணம். மரம் நீளவாக்கில் அநேகமாகச் சுருங்காது, அதனால் பட்டை "காய்ந்து இழுத்தது" என்று நினைக்காதீர்கள். முன்கூட்டியே வளைத்துக் காயவைக்காத பட்டையை ஆணியடித்து இழுத்துப் பிடித்தால் அது நாணேற்றிய வில் மாதிரி நிற்கும், நிமிரப் பார்த்துக்கொண்டே இருக்கும். இடது பக்கம் 14 வில், வலது பக்கம் 9. இரண்டு முனைகளும் இடப்பக்கம் போனது அதனால்தான். இடது ஒன்று, வலது ஒன்று என்று ஜோடியாக ஏற்றச் சொல்வதும் இதற்காகத்தான்.

நிமிர்த்தும் முறை:

600 × 150 மி.மீ, 18 மி.மீ தடிமன் பிளைவுட் ஒன்று எடுங்கள். அதன்மேல் நேரான இரண்டு ரீப்பர் கட்டைகளை, நடுவே ஏராவின் தடிமன் அளவு (5 மி.மீ இருக்கும்) இடைவெளி விட்டு ஸ்க்ரூ போடுங்கள். ஏரா அந்தப் பள்ளத்தில் நேராக உட்காரணும். ரீப்பர் நேராக இருக்கிறதா என்று கடையிலேயே ஒரு கண்ணை மூடிப் பார்த்து வாங்குங்கள், இல்லாவிட்டால் ஒரு வளைவுக்கு இன்னொரு வளைவை மாற்றியதாகிவிடும்.

இடது பக்கத்தில் முன் இரண்டு சட்டம், பின் இரண்டு சட்டம், இந்த நான்கில் மட்டும் ஒட்டியதைத் தளர்த்தணும். மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை சிரிஞ்சில் எடுத்து, உள்பக்கமாகப் பட்டையும் சட்டமும் சேரும் கோட்டில் விடுங்கள். நனைத்த டிஷ்யூவை வைத்து மேலே சமையலறை பிளாஸ்டிக் உறையைச் சுற்றினால் ஆவியாகாது. அரை மணியில் பெவிகால் ரப்பர் மாதிரி ஆகிவிடும். மெல்லிய கத்தியை உள்ளே விட்டு விடுவியுங்கள். சூப்பர் குளூ போட்ட இடத்தில் ஆல்கஹால் வேலை செய்யாது, அங்கே அசிட்டோன். இரண்டுமே சட்டென்று தீப்பிடிக்கும். ஜன்னல் திறந்திருக்கட்டும், குழந்தை வேறு அறையில் இருக்கட்டும்.

பிறகு பள்ளத்தில் இறக்கி, வளைவுக்கு எதிர்த்திசையில் ஒரு மி.மீ கூடுதலாகவே தள்ளிக் கிளாம்ப் போடுங்கள். விட்டதும் கொஞ்சம் திரும்பி வரும். 48 மணி நேரம் தொடாதீர்கள்.

கிளாம்ப் எடுப்பதற்கு முன் இதைச் செய்யணும்: சட்டங்களுக்கு நடுவே, ஏராவின் இரு பக்கமும் பால்சா (மிக லேசான மரம்) கட்டைகளை ஒட்டுங்கள். பால்சா கிடைக்காவிட்டால் பேக்கிங் பெட்டிப் பைன் போதும். கட்டை தளர்வாக இருந்தால் பயனில்லை. தட்டி இறக்கும் அளவு இறுக்கமாக இருந்தாலும் ஆபத்து, ஆப்பு மாதிரி சட்டங்களை விலக்கிப் புது வளைவு கொடுக்கும். விரலால் அழுத்தினால் உள்ளே போய் நிற்கணும். அதுதான் அளவு.

கலப்பத்து72

உங்கள் இரண்டாவது கேள்விக்கு.

95 மி.மீ நடு அகலம், 5 மி.மீ பட்டை, ஆக 19 வரிசை. அணியத்தில் 62-ஐ 19-ஆல் வகுத்தால் 3.26. முதல் பட்டையிலிருந்தே 3.3-க்குச் சீவியிருக்கணும். நீங்கள் 4 வைத்ததில் 14 வரிசைக்கு 56 மி.மீ போய்விட்டது. மிச்சம் ஆறு, பாக்கி ஐந்து வரிசை. பட்டைக்கு 1.2 மி.மீ என்று சீவினால் ஆணி அடித்ததும் பிளந்துவிடும். பாதி அகலத்துக்குக் கீழே சீவாதே என்ற விதி அதனால்தான்.

இடது பக்கம்: அணியம் வரை இரண்டு பட்டைகளை மட்டும் ஆளுக்கு 3 மி.மீயாகக் கொண்டுபோங்கள். மற்ற மூன்றையும் முன்னாலேயே ஏதாவது சட்டத்தின் மேல் நிறுத்திவிடுங்கள். நிறுத்தும் முனை கூராக வேண்டாம், 2.5 மி.மீ மொட்டையாக விட்டு, பக்கத்துப் பட்டையில் அந்த அளவுக்கு வெட்டு எடுத்து உட்கார வையுங்கள். மூன்றையும் ஒரே சட்டத்தில் நிறுத்தாதீர்கள்.

வலது பக்கம் தப்பித்தது. 9 × 4 = 36, மிச்சம் 26, பாக்கி பத்து வரிசை. 2.6 வருகிறது, மயிரிழையில் உள்ளே.

அமரத்தில் நேர்மாறு: 105-ல் 19 × 5 = 95 போக 10 மி.மீ இடைவெளி விழும். அங்கே பட்டையை அகலமாக விரிக்க முடியாது. இரண்டு ஆப்புப் பட்டைகளைப் பின்னாலிருந்து செருகுங்கள்.

இரு பக்கமும் ஒரே மாதிரி இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். மேலே வெனீர், நீர்க்கோட்டுக்குக் கீழே அதற்கும் மேல் செம்புத் தகடு. பளபளப்பு முக்கியமில்லை, உருவம்தான் முக்கியம். பள்ளம் இருந்தால் மரத்தூளும் பெவிகாலும் குழைத்து அப்பி, 120 உப்புத்தாளைக் கட்டையில் சுற்றித் தேயுங்கள். விரலால் தேய்த்தால் சட்டத்துக்கு நடுவே குழி விழும். தேய்க்கும் முன் உள்பக்கம் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த பெவிகாலைப் பிரஷ்ஷால் ஒரு கை பூசிவிடுங்கள். 1.5 மி.மீ பட்டை வயிற்றுப் பகுதியில் சீக்கிரம் 0.5-க்கு வந்துவிடும், அப்போது அந்தப் பூச்சுதான் தாங்கும்.

செம்பு வரும்போது: அசல் தகடு 4 அடிக்கு 14 அங்குலம். 1:60-ல் 20 × 6 மி.மீ. கிட்டில் வேறு அளவு இருந்தால் இதற்கு வெட்டிக்கொள்ளலாம். பின்னாலிருந்து முன்னால் ஒட்டிக்கொண்டு வந்தால் முன்தகட்டின் ஓரம் பின்தகட்டின் மேல் படியும், தண்ணீர் ஓடும் திசைக்கு அதுதான் சரி. வெறுங்கையால் தொட்ட இடத்தில் ஒரு மாதத்தில் கைரேகை கறுத்து நிற்கும்.

ஈரமானி

மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் மீதிப் பட்டைகளைச் சென்னையில் ஒட்டாதீர்கள்.

சென்னையில் ஈரப்பதம் 75 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் மரத்துக்குள் ஈரம் 14 சதவீதம் அளவில் நிற்கும். பெங்களூரில் பிப்ரவரி, மார்ச் பகலில் ஈரப்பதம் 40-க்கும் கீழே இறங்கும். அப்போது மரத்தின் ஈரம் எட்டுக்கும் கீழே வந்துவிடும். இந்த ஆறு சதவீத இறக்கத்துக்கு பாஸ்வுட் அகலவாக்கில் சுமார் ஒன்றரை சதவீதம் சுருங்கும். ஒரு பட்டைக்கு 0.1 மி.மீகூட இல்லை, ஆனால் 95 மி.மீக்குச் சேர்த்தால் ஏறக்குறைய ஒன்றரை மி.மீ. அது எங்காவது ஒரு கோடாகப் பிளந்து தெரியும். வெனீர் ஒட்டிய பிறகு பிளந்தால் வெனீரும் சேர்ந்து கிழியும்.

அங்கே போனதும் பெட்டியைத் திறந்து, மீதிப் பட்டைகளும் கப்பலும் ஒரே அறையில் பத்து நாள் இருக்கட்டும். பிறகு ஒட்டுங்கள்.

(கிட் பெட்டியில் 'லைம்' என்று போட்டிருந்தால் எலுமிச்சை என்று நினைக்க வேண்டாம். பாஸ்வுட்டின் ஐரோப்பியப் பங்காளி அது. நடத்தை ஒன்றுதான்.)

வங்குக்கட்டை

ஈரமானி, கணக்கு சரி, முடிவில் உடன்பாடில்லை. 14-க்கு 9 என்ற நிலையில் லாரியில் ஏற்றினால் நிமிர்த்தியது மறுபடி போகும். கட்டைகள் இருந்தாலும் ஒருபக்க இழுப்பு அப்படியே இருக்கிறது. வலது பக்கம் ஐந்து வரிசை மட்டும் ஏற்றி 14-க்கு 14 ஆக்கிவிட்டு நிறுத்தட்டும். முதல் அடுக்கில் விழும் பிளவை மரத்தூள் பெவிகாலில் மூடிக்கொள்ளலாம், வளைந்த ஏராவை மூட வழியில்லை. வெனீரும் தளமும் பெங்களூரில்.

ஈரமானி

14-க்கு 14 என்றால் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வளைப்பதற்காக நனைத்த பட்டையை அன்றே ஒட்டக்கூடாது. நனைந்தது அகலத்தில் உப்பியிருக்கும், ஒட்டி முடித்துக் காய்ந்ததும் இடைவெளி விடும். சுடுநீரில் 20 நிமிடம், துணிக் கிளிப் போட்டுச் சட்டத்தில் இரவு முழுக்கக் காயவிட்டு, மறுநாள் ஒட்டு.

தச்சன்குஞ்சு

மிக்க நன்றி. ஒரு சந்தேகம்: படங்களில் சிலதில் பீகிளுக்கு இரண்டு பாய்மரம், கிட்டில் மூன்று. எது சரி? பேக்கிங் பற்றியும் யாராவது.

பாய்க்கயிறு

இரண்டுமே சரி. 1820-ல் இங்கிலாந்தின் உல்விச் கப்பல் தளத்தில் தண்ணீரில் இறங்கியபோது அது 'பிரிக்' என்ற இரண்டு பாய்மர வகைக் கப்பல். 1825-ல் பின்னால் மூன்றாவது மரம் சேர்ந்தது. டார்வின் போன பயணம் 1831 டிசம்பர் முதல் 1836 அக்டோபர் வரை, அதற்கு மூன்று மரம்தான். அந்தப் பயணத்துக்கு முன் மேல்தளத்தைப் பின்னால் 8 அங்குலம், முன்னால் 12 அங்குலம் உயர்த்தினார்கள். 1:60-ல் 3.4 மி.மீ, 5 மி.மீ. 1820-ன் வரைபடத்தைப் பார்த்து பக்கச்சுவர் உயரத்தை மாற்றிவிடாதீர்கள்.

பேக்கிங்: நிமிர்த்தப் போட்ட அதே பள்ளப் பலகைதான் வண்டிச் சட்டம். கழற்றவே வேண்டாம். ஏராவை அதில் உட்கார வைத்து, பருத்தி நாடாவால் இரண்டு இடத்தில் கட்டுங்கள். ரப்பர் பேண்ட் வேண்டாம், சூட்டில் உருகி மரத்தில் ஒட்டிக்கொள்ளும். பலகையை உள்பெட்டியின் அடியில் ஸ்க்ரூ போட்டு, வெளிப்பெட்டிக்கும் உள்பெட்டிக்கும் நடுவே எல்லாப் பக்கமும் 50 மி.மீ ஃபோம். கப்பலைச் சுற்றி எதையும் திணிக்கக்கூடாது, அது காற்றில் நிற்கணும். லாரியில் ஏற்றாமல் உங்கள் காரின் பின்சீட்டுக் காலடியில் போனால் நல்லது. பட்டை, மரக்கம்பு எல்லாம் பி.வி.சி குழாயில், இருபுறமும் மூடி.

நாற்பது நிமிட வேலைக்கு: விளிம்புள்ள பெரிய எவர்சில்வர் தட்டு ஒன்று. எல்லா வேலையும் அதற்குள்ளேயே. முடிந்ததும் தட்டோடு தூக்கிப் பீரோ மேல். பிளேடும் ஆணியும் பூட்டும் டப்பாவில். கிட் ஆணிகள் பித்தளை, காந்தத்துக்கு வராது, கீழே விழுந்தால் தவழும் குழந்தை கையில்தான் முதலில் கிடைக்கும். அதனால் எண்ணி எடுத்து எண்ணி வையுங்கள். சூப்பர் குளூவை அந்த வீட்டில் விட்டுவிடுங்கள். புகை கண்ணை எரிக்கும், பருத்தித் துணியில் கொட்டினால் சுடும் அளவு சூடேறும்.

ஒரு இரவுக்கு ஒரு ஜோடிப் பட்டை: நேற்று காய்ந்ததை ஒட்டு, நாளைக்கானதை நனைத்துக் கிளிப் போடு. தேய்ப்பதை மட்டும் தனியாக ஒரு ஞாயிறு பால்கனியில், மாஸ்க்கோடு.

தச்சன்குஞ்சு

ஆல்கஹால் வேலை செய்தது. நான்கு சட்டமும் விட்டுவிட்டது. பின்பக்கம் ஒரு பட்டை மட்டும் பிளந்தது. இப்போது பள்ளத்தில் இருக்கிறது, இடைவெளி 3-லிருந்து எதிர்ப்பக்கம் 1. பிளந்த பட்டையை மாற்றணுமா?

கலப்பத்து72

நீளவாக்கில் பிளந்திருந்தால் வேண்டாம். பிளவில் பெவிகாலைச் சிரிஞ்சால் விட்டு, மேலே டேப் ஒட்டி, பைண்டர் கிளிப். குறுக்கே முறிந்திருந்தால் இரண்டு சட்டத்துக்கு நடுவே அந்தத் துண்டை மட்டும் வெட்டி எடுத்துப் புதுசு போடுங்கள். கிளாம்ப் கழற்றிய பிறகு வேண்டாம், இப்போதே, பள்ளத்தில் இருக்கும்போதே.