ஞாயிறு ஒரு நாளைக்கு ஸ்டீரியோ மைக்ரோஸ்கோப் கிடைக்குமா?
கடலூர் முதுநகரில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். கருவில் தட்டையான செல் அடுக்கு எப்படித் தானாக மடிந்து, பின்னால் மூளையும் தண்டுவடமும் ஆகப்போகும் நரம்புக்குழாய் ஆகிறது என்று ஒரு பெண் கேட்டுவிட்டாள். ஆயாவின் சுருக்குப்பையை வைத்துத்தான் சொன்னேன்: செல்லின் மேல்பக்கம் ஆக்டின் என்ற புரத இழைகளை மயோசின் என்ற இன்னொரு புரதம் இழுக்க, வாய் சுருங்கி, அடி அகலமாகவே நிற்க, செல் ஆப்பு மாதிரி ஆகிவிடும், பக்கத்துச் செல்லோடு ஒட்டியிருப்பதால் மொத்த அடுக்கும் வளையும்.

சரி, நேரில் காட்டலாமே என்று சேவல் சேர்ந்த நாட்டுக்கோழி முட்டைகளை 38 டிகிரியில் 30 மணி நேரம் வைத்து ஓட்டில் சன்னல் வெட்டினேன். லென்ஸில் வெளிறிய கோடுதான் தெரிகிறது. கரு எடுப்பாகத் தெரியட்டும் என்று அதற்கு அடியில் இந்திய மை (கறுப்பு மை) செலுத்தப் போய் ரெண்டு முட்டை பாழ். எந்த ஊசி, எவ்வளவு சாய்வு? செய்து பழகியவர்கள் சொல்லுங்கள். மைக்ரோஸ்கோப் புதுச்சேரியில் இருந்தாலும் பைக்கில் வந்து எடுத்துக்கொள்கிறேன்.