வழக்கறிஞர் கட்டணம்: மொத்தத் தொகையா, மணிக்கணக்கா, வெற்றியில் பங்கா?

கேள்வி

உரிமையியல் வழக்கு ஒன்றுக்காக மூன்று வழக்கறிஞர்களைச் சந்தித்தேன். ஒருவர் வழக்கு முழுவதற்கும் மொத்தமாக ஒரு தொகையைச் சொன்னார். இன்னொருவர் நீதிமன்றத்தில் ஆஜராகும் ஒவ்வொரு முறைக்கும் தனித்தனியாகக் கேட்கிறார். மூன்றாமவர் செலவிடும் நேரத்தை மணிக்கணக்கில் குறித்து மாதந்தோறும் பில் அனுப்புவாராம். இம்மூன்றையும் எப்படி ஒப்பிடுவது? வென்றால் மட்டும் கட்டணம் தரும் முறை இருப்பதாகவும் கேள்விப்பட்டேன்; அது எல்லா வழக்குகளுக்கும் பொருந்துமா?

பதில் 1

தொகைகளை ஒப்பிடுவதற்கு முன், வழக்கு இழுத்துக்கொண்டே போனால் அந்தச் சுமை யார் தலையில் விழும் என்று பாருங்கள். மொத்தக் கட்டணத்தில் அது வழக்கறிஞரைச் சேரும். மற்ற இரண்டிலும் உங்களைச் சேரும்.

மணிக்கணக்கு முறையில் ஒரு மணி நேரத்துக்கான தொகையைக் கேட்பதோடு பலரும் நின்றுவிடுகிறார்கள். நேரத்தைக் குறிக்கும் மிகச் சிறிய அலகு எது என்பதையும் கேட்க வேண்டும். ஆறு நிமிடத்தை, அதாவது மணியில் பத்தில் ஒரு பங்கை, அலகாகக் கொள்வது பரவலான வழக்கம். பதினைந்து நிமிட அலகில் எழுதுவோரும் உண்டு. இரண்டு நிமிடத் தொலைபேசி உரையாடல்கள் பத்து நடந்தால், உண்மையில் பேசியது 20 நிமிடம்தான். ஆனால் முதல் அலகில் அது ஒரு மணி நேரமாகவும், இரண்டாம் அலகில் இரண்டரை மணி நேரமாகவும் பில்லில் ஏறும். மூத்தவர், இளையவர், உதவியாளர் ஆகியோருக்குத் தனித்தனி விகிதம் இருக்கக்கூடும் என்பதால், எந்த வேலையை யார் செய்வார் என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்.

ஆஜர் கட்டணத்தில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: விசாரணை நடக்காமல் வாய்தா போடப்பட்ட நாளுக்கும் பணம் தர வேண்டுமா?

பதில் 2

மொத்தக் கட்டணம் நிம்மதி தருவதுபோல் தோன்றினாலும், 'வழக்கு முழுவதும்' என்பதன் எல்லையை எழுத்தில் வரையறுக்காவிட்டால் பின்னாளில் சச்சரவு வரும். இடைக்கால மனுக்கள், மேல்முறையீடு, தீர்ப்பை நிறைவேற்றக் கோரும் மனு ஆகியவை அதில் அடங்குமா என்பதைத் தெளிவாக எழுதி வாங்குங்கள். நீதிமன்றக் கட்டணம், நகல் செலவு, பயணச் செலவு, நிபுணர்களுக்குத் தரும் தொகை போன்றவை பெரும்பாலும் வழக்கறிஞர் கட்டணத்தில் சேராதவை. என்னைக் கேட்டால், உயில் எழுதுவது, ஒப்பந்தம் தயாரிப்பது போன்று வேலையின் அளவு முன்பே தெரிந்தவற்றுக்குத்தான் இம்முறை மிகவும் ஏற்றது.

பதில் 3

வெற்றியைப் பொறுத்த கட்டணம் நாட்டுக்கு நாடு மாறுபடும். இந்தியாவில் வழக்கறிஞர் வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதையும், கிடைக்கும் தொகையில் பங்கு கேட்பதையும் இந்திய வழக்கறிஞர் கழகத்தின் விதிகள் தடை செய்கின்றன. அமெரிக்காவில், குறிப்பாக விபத்து இழப்பீட்டு வழக்குகளில், இம்முறை சர்வ சாதாரணம். ஆனால் அங்கும் குற்ற வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவருக்காக வாதாடுவதற்கு இப்படிக் கட்டணம் பேசக் கூடாது. இங்கிலாந்தில் 2013 முதல் உரிமையியல் வழக்குகளில் இழப்பீட்டில் சதவீதம் பெறும் ஒப்பந்தங்கள் உச்சவரம்புடன் அனுமதிக்கப்படுகின்றன.

இம்முறை உங்கள் நாட்டில் செல்லுமானால், செலவுகளைக் கழிப்பதற்கு முன் சதவீதம் கணக்கிடப்படுமா, கழித்த பின்னா என்று கட்டாயம் கேளுங்கள். கிடைத்தது 100, செலவு 10, விகிதம் 30 சதவீதம் என வைத்துக்கொள்வோம். முன்னர்க் கணக்கிட்டால் வழக்கறிஞருக்கு 30 போய், செலவும் போக, உங்கள் கையில் 60 நிற்கும். பின்னர்க் கணக்கிட்டால் வழக்கறிஞருக்கு 27, உங்களுக்கு 63. தோற்றால் வழக்கறிஞர் கட்டணம் இல்லை என்பதற்காகச் செலவே இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். வழக்கின் இதர செலவுகளும், சில நாடுகளில் எதிர்த்தரப்பின் செலவும்கூட உங்கள் பொறுப்பாகலாம்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. மணிக்கணக்கில் பில் அனுப்பும் வழக்கறிஞர் தொடக்கத்திலேயே முன்பணமும் கேட்கிறார். இடையில் வழக்கறிஞரை மாற்ற நேர்ந்தால் அந்தப் பணம் என்னவாகும்?

பதில் 1

அது எதற்காகப் பெறப்படுகிறது என்பதைப் பொறுத்தது. இனிச் செய்யப்போகும் வேலைக்கான வைப்பாக இருந்தால், வேலை நடக்க நடக்க அதிலிருந்து கழித்துக்கொண்டு, மீதியைத் திருப்பித் தர வேண்டும். வழக்கறிஞர் உங்களுக்காகத் தயாராக இருப்பதற்கே தரப்படும் தொகையாக இருந்தால், அது பெரும்பாலும் திரும்பாது. ஆகவே எந்த வகை என்பதை ரசீதிலேயே எழுதச் சொல்லுங்கள். ஆவணங்களைப் பற்றியும் ஒரு சொல்: கட்டண பாக்கிக்காகக் கட்சிக்காரரின் வழக்குக் கட்டுகளை வழக்கறிஞர் பிடித்துவைத்துக்கொள்ள முடியாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2000-இல் தீர்ப்பளித்திருக்கிறது. வேறு சில நாடுகளில் பாக்கி தீரும் வரை அவற்றை வைத்துக்கொள்ளும் உரிமை வழக்கறிஞருக்கு உண்டு என்பதால், ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் அதையும் கேட்டுவிடுங்கள்.