மார்பளவுப் படத்துக்கு உடுத்திப் போன கதைகள்

கிருஷ்ணகிரி, மாங்கூழ் ஆலை ஊழியர்:

எங்கள் ஆலையில் மாங்கூழைப் பதப்படுத்தி வெளிநாடுகளுக்கு அனுப்புகிறோம். ஒவ்வொரு பிரிவுப் பொறுப்பாளரின் மார்பளவுப் படமும் நிறுவனத்தின் இணையதளத்தில் இடம்பெற வேண்டும் என்று நிர்வாகம் சென்ற மாதம் முடிவு செய்து, ஒரு வார அவகாசம் கொடுத்தது. ரேஷன் கார்டுக்கும் வங்கிக் கணக்குக்கும் தவிர வேறு எதற்கும் ஸ்டுடியோவில் உட்கார்ந்திராத நான், மகளின் காதணி விழாவுக்காக வாங்கிய, நீலமும் வெள்ளையுமாகப் பொடிக்கட்டம் போட்ட சட்டையை அணிந்து, அன்று காலையிலேயே முடி வெட்டிக்கொண்டு, மே மாத வெயிலில் முகம் எண்ணெய் வழியக் கூடாதே என்று பவுடரும் பூசிக்கொண்டு புறப்பட்டேன். மூன்றுமே தவறு என்பது படம் கைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

கணினித் திரையில் அந்தக் கட்டங்கள் கட்டங்களாக இல்லை. சட்டை முழுவதும் வானவில் நிறத்தில் நெளிநெளியாக அலைகள் ஓடின. படத்தைப் பெரிதாக்கினால் அவை மறைந்தன, சிறிதாக்கினால் திரும்ப வந்தன. காதோரத்திலும் பிடரியிலும் அதுவரை முடிக்கு அடியில் வெயில் படாமல் இருந்த தோல் வெளிறிய பட்டையாகத் தெரிந்தது. பவுடரோ, பிளாஷ் வெளிச்சத்தில் நெற்றியையும் கன்னத்தையும் சாம்பல் பூத்தாற்போல் காட்ட, கழுத்து மட்டும் தன் நிறத்தில் இருந்தது. புறப்படுமுன் கண்ணாடியில் பார்த்தபோது இவற்றில் ஒன்றுகூட என் கண்ணுக்குப் படவில்லை. வேறு படம் எடுத்து வரும்படி மேலாளர் சொல்லிவிட்டார். இப்படி அவதிப்பட்டவர்கள் யாரேனும் இருந்தால், தங்கள் அனுபவத்தைப் பகிர்ந்துகொள்ள வேண்டுகிறேன்.

போச்சம்பள்ளி அருகிலிருந்து, பொறியியல் படித்தவர்:

ஐயா, உங்களுக்காவது சட்டை சொந்தச் சட்டை. கல்லூரி இறுதியாண்டில் வேலைக்கான விண்ணப்பத்துக்குக் கோட்டு அணிந்த படம்தான் வேண்டும் என்று நண்பர்கள் சொன்னதை நம்பி, நான் ஸ்டுடியோ கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய கோட்டை மாட்டிக்கொண்டேன். அது 42 அங்குல மார்புக்குத் தைத்தது. என் மார்பு 36. ஸ்டுடியோக்காரர் முதுகுப் பக்கம் துணியைக் கொத்தாகப் பிடித்து, கொடியில் துணி காயப்போடும் கிளிப்புகள் மூன்றைப் போட்டார். முன்புறம் இறுக்கமாகத்தான் தெரிந்தது. ஆனால் தோள் தையல் என் தோளைத் தாண்டி இரண்டு விரற்கடை கீழே சரிந்திருந்ததையும், முன்பே முடிச்சுப் போட்டு எலாஸ்டிக் வைத்திருந்த டை காலரின் நடுவில் நில்லாமல் ஒரு பக்கம் ஒதுங்கியிருந்ததையும் எந்தக் கிளிப்பாலும் சரிசெய்ய முடியவில்லை. நேர்காணலில் எதிரே இருந்த அதிகாரி படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். நான் அன்று அரைக்கைச் சட்டையில் போயிருந்தேன்.

அடுத்த முறை, பர்கூர் ஜவுளிக் கடைகளில் வெளிர்நீலத் துணி எடுத்து, ஊர்த் தையற்காரரிடம் அளவு கொடுத்து ஒரு முழுக்கைச் சட்டை தைத்தேன். கோட்டும் இல்லை, டையும் இல்லை. இன்றைக்கும் என் லிங்க்ட்இன் பக்கத்தில் இருப்பது அந்தப் படம்தான்.

கிருஷ்ணகிரியில் நெடுங்காலம் ஸ்டுடியோ நடத்தியவர்:

ஆணியில் தொங்கும் கோட்டு எங்கள் தொழிலுக்கே ஒரு களங்கம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். என் கடையிலும் ஒன்று தொங்கியது. ஆயினும் எங்கள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. வருகிறவர்கள் படம் எதற்கு என்று சொல்வதில்லை. பாஸ்போர்ட் அளவுக்கு 35க்கு 45 மில்லிமீட்டர் என்பதும், பின்னணி வெள்ளை என்பதும் எங்களுக்குத் தெரியும்; நிறுவனத்தின் இணையதளத்துக்கு என்றால் அதற்கு வேறு பின்னணி, வேறு வெளிச்சம் என்பதைக் கேட்டால்தானே சொல்ல முடியும்?

ஆலை நண்பரின் சட்டையில் ஓடிய அலைக்குக் காரணம் துணியன்று. கேமராவுக்குள் ஒளியை வாங்கும் புள்ளிகள் வரிசை வரிசையாக அமைந்திருக்கின்றன. சட்டையின் கட்டங்கள் அந்த வரிசைகளுக்கு ஏறக்குறைய நிகரான நெருக்கத்தில் விழுந்தால், இரண்டும் மோதி, இல்லாத கோடுகளை உண்டாக்குகின்றன. படத்தைத் திரையில் சுருக்கும்போதும் இதே கோளாறு நேரும். ஆதலால் பொடிக்கட்டம், மெல்லிய கோடு இரண்டையும் ஒதுக்கிவிட்டு ஒரே நிறத்துத் துணியாக எடுத்துக்கொள்வது நல்லது.

நிறத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் நம் ஊரில் மரியாதைக்குரிய உடை என்றாலே வெள்ளைச் சட்டைதான். மாநிற முகத்துக்கும் பளீரென்ற வெள்ளைக்கும் இடையே வெளிச்ச வேறுபாடு அதிகம். சட்டைக்கு ஏற்றபடி கேமராவை வைத்தால் முகம் இருண்டுவிடும், முகத்துக்கு ஏற்றபடி வைத்தால் சட்டையின் மடிப்பும் பொத்தானும் அழிந்து வெறும் வெள்ளையாகும். பின்னணியும் வெள்ளையாக இருந்துவிட்டால் தலை மட்டும் காற்றில் மிதக்கும். வெளிர்நீலம், மயில்கழுத்து, இங்க் நீலம், அரக்கு ஆகியவை நம் நிறத்தோடு சண்டை போடுவதில்லை. கிளிப்பச்சையும் ஆரஞ்சும் வேண்டாம். அவற்றின் நிறம் வெளிச்சத்தில் எதிரொளித்துத் தாடையின் அடியில் படியும். பாலியஸ்டர் துணி விளக்குக்கு நேரே பளபளக்கும்.

மார்பளவுப் படத்தில் முகத்துக்கு அடுத்தபடியாகத் தெரிவது காலர். மேல் பொத்தானைப் போட்ட பிறகு கழுத்துக்கும் காலருக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். நான்கு விரல் நுழைந்தால் அந்தச் சட்டை உங்களுடையதாகத் தோன்றாது. காலரின் இரு நுனிகளும் மேலே வளையாதபடி இஸ்திரி போட்டு, சட்டையை மடித்துப் பையில் திணிக்காமல் ஹேங்கரிலேயே கொண்டுவாருங்கள். முடியை ஒரு வாரம் முன்பே வெட்டிக்கொண்டால் அந்த வெளிறிய பட்டை மங்கிவிடும். பவுடருக்குப் பதில் சுத்தமான கைக்குட்டையால் முகத்தை ஒற்றி எடுத்தால் போதும். தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு வந்தால் விளக்கு அங்கேயே தெரியும். மூக்குக்கண்ணாடி போடுபவர்கள் தலையை அல்ல, கண்ணாடியின் காம்பைக் காதருகே சற்றே உயர்த்தினால், வில்லை கீழ்நோக்கிச் சாய்ந்து அதில் தெரியும் விளக்கின் பிரதிபலிப்பு விலகும். அமெரிக்க விசாவுக்கு மட்டும் 2016 நவம்பரிலிருந்து கண்ணாடியோடு எடுத்த படத்தை ஏற்பதில்லை.

இன்னொன்று: "கொஞ்சம் கலர் ஏத்திக் கொடுங்க" என்று கேட்காதவர்கள் குறைவு. நானும் பல ஆண்டுகள் ஏற்றிக் கொடுத்தேன், அதில் இப்போது எனக்குப் பெருமை இல்லை.

ஓசூர், தொழிற்சாலை ஊழியர்:

எங்கள் தொழிற்சாலையில் அடையாள அட்டைக்குப் படம் எடுத்த நாளில் நான் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தேன். தாடியும் கறுப்புச் சட்டையும் கழுத்தில் துளசி மணியுமாக எடுத்தார்கள். மலைக்குப் போய் வந்து மழித்துக்கொண்ட பிறகும் அந்த அட்டை மூன்று ஆண்டுகள் செல்லுபடியாயிற்று. புதிய காவலர் வரும்போதெல்லாம் வாயிலில் நின்று விளக்கம் சொன்னேன். தேதியைத் தள்ளிக் கேட்டிருக்கலாம், தோன்றவில்லை.

பாலக்கோடு, ஆசிரியை:

பெண்களுக்கான கணக்கு சற்று வேறு. ஆசிரியர் பயிற்சிக் கையேடு ஒன்றில் என் படம் இடம்பெறுவதாக இருந்தது. கஞ்சி போட்ட கைத்தறிச் சேலையில் முதலில் எடுத்தபோது, தோளில் முந்தானை மடிப்பு விசிறிபோல் விறைத்து நின்று என் கழுத்தையே மறைத்தது. பட்டுக்கு மாறினால் சரிகை வெளிச்சத்தை வாங்கிக்கொண்டு முகத்தை விட்டுவிட்டது. கடைசியில், இரண்டு முறை துவைத்து மென்மையாகியிருந்த, மெல்லிய கரை வைத்த அரக்கு நிறப் பருத்திச் சேலைதான் கைகொடுத்தது. தோளில் மடிப்பை எண்ணி வைத்து, ஊக்கை ரவிக்கையின் உட்புறமாகக் குத்தினேன். வெளியே குத்தினால் அது ஒரு வெள்ளைப் புள்ளியாக மின்னும்.

பூவையும் பொட்டையும் எடுத்துவிட்டால்தான் அலுவல்முறைத் தோற்றம் வரும் என்று உடன் பணியாற்றும் ஒருவர் சொன்னார். மல்லிகையை எடுத்தேன், காதுக்குப் பின்னால் ஒரு பக்கம் மட்டும் வெண்மையாக ஏதோ ஒட்டியிருப்பதுபோல் தெரிந்தது என்பதால் எடுத்தேன். பொட்டை எடுக்கவில்லை. என் மாணவர்கள் என்னைப் பொட்டில்லாமல் ஒரு நாளும் பார்த்ததில்லை. அவர்களுக்குத் தெரியாத ஒரு பெண்ணின் படம் அந்தக் கையேட்டில் எதற்கு?

கிருஷ்ணகிரி, மாங்கூழ் ஆலை ஊழியர்:

அனைவருக்கும் நன்றி. ஸ்டுடியோ ஐயா சொன்னபடி ஒன்பது நாள் பொறுத்து (மேலாளரிடம் அவகாசம் கேட்டுக்கொண்டேன்), முந்தைய நாள் இரவே மூன்று சட்டைகளை மாற்றி மாற்றி அணிந்து, ஜன்னலோரத்தில் மகளை விட்டுக் கைப்பேசியில் எடுக்கச் செய்து பார்த்தேன். கண்ணாடி சொல்லாததைக் கைப்பேசி சொல்லிவிட்டது: மயில்கழுத்துச் சட்டையில் பேனா வைத்த பை புடைத்திருந்தது, வெளிர்நீலத்தில் உள்பனியன் பட்டை தெரிந்தது. இங்க் நீலத்தை எடுத்துக்கொண்டேன். பை தட்டையாக இருக்கிறதா, பொத்தான் வரிசை நேராக இருக்கிறதா என்று ஸ்டுடியோவிலும் பத்து நிமிடம் சரிபார்த்தோம்.

படம் நேற்று இணையதளத்தில் ஏறிவிட்டது. அங்கே எல்லாருடைய படத்தையும் வட்டமாக வெட்டியிருக்கிறார்கள். பையும் பொத்தானும் தோளும் போய்விட்டன. சட்டையில் மிஞ்சியவை காலரின் இரண்டு நுனிகள் மட்டுமே. அவை இரண்டும் வளையாமல் இருக்கின்றன.