ஓஏஈ செவிச் சோதனையில் தேறிய குழந்தை பெரா செவிச் சோதனையில் தவறியது ஏன்?

கேள்வி (மூன்று மாதக் குழந்தையின் தாய்):
பிறந்த மூன்றாம் நாளே என் மகளுக்கு மஞ்சள் காமாலை கடுமையாகி, நீல விளக்கின் கீழ்க் கிடந்தாள். பிறகு காதில் சிறு முனை செருகிச் செய்த ஓஏஈ சோதனையில் இரண்டு காதும் தேறின. நேற்று பெரா எடுத்தார்கள். நெற்றியிலும் காதுகளுக்குப் பின்னாலும் ஒயர் ஒட்டி, பால் கொடுத்துத் தூங்கவைத்து, முக்கால் மணி நேரம். “90 டெசிபெலிலும் ஐந்தாம் அலை இல்லை” என்கிறது அறிக்கை. எதை நம்புவது? இரவெல்லாம் அவள் தலைமாட்டில் சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டே இருந்தேன்.

பதில் (செவித்திறன் நிபுணர்):
அம்மா, இரண்டும் உண்மையாக இருக்கலாம். ஓஏஈ, உட்காதின் வெளி மயிர்ச்செல்கள் திருப்பி அனுப்பும் மெல்லிய ஒலியை மட்டும் பிடிக்கிறது. பெரா அதற்கு அப்பால் போகிறது: ‘டிக்’ ஒலி கேட்ட சுமார் 10 மில்லிவிநாடிக்குள் செவி நரம்பும் மூளைத்தண்டும் எழுப்பும் மின்னலைகளைப் பதிவு செய்கிறது; அறிக்கை சொல்லும் ஐந்தாம் அலை அவற்றில் ஒன்று. ஆயிரக்கணக்கான நரம்பிழைகள் ஒரே கணத்தில் துடித்தால்தான் அலை தெரியும். துடிப்பு முன்பின்னாகச் சிதறினால் கோடு தட்டையாகிவிடும். கடுமையான காமாலைக்குப் பின் இதைப் பார்க்கிறோம். இந்நிலையில் தட்டையான கோட்டை வைத்து முழுச் செவிடு என்று முடிவு கட்டவே கூடாது. சில குழந்தைகளுக்கு மாதங்கள் கழித்து அலை திரும்புகிறது. மறுபடி எடுங்கள்.

பதில் (நான்கு வயது மகனின் தாய்):
என் மகனுக்கும் இதேதான். குக்கர் விசிலுக்குத் திரும்புவான், பெயர் சொன்னால் திரும்பமாட்டான். எந்தச் சத்தத்துக்குக் கண் விரித்தான் என்று தேதியோடு நோட்டில் எழுதினேன். மருத்துவர் அதைத்தான் முதலில் கேட்டு வாங்கினார். சாவியை வைத்துவிட்டு நீங்களும் கொஞ்சம் தூங்குங்கள்.