காப்ளருக்குத் தமிழ்ச்சொல், வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

அட்லாண்டாவிலிருந்து:

சொல்லாக்கக் குழுவினருக்கு வணக்கம். எங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புப் பிள்ளைகள் ஒரு சின்னச் சமையல் நூல் எழுதியிருக்கிறார்கள். வீட்டில் ஆண்டு முழுவதும் எந்தெந்தப் பழத்தில் காப்ளர் என்னும் இனிப்புப் பண்டம் செய்கிறோம் என்பதுதான் பொருள். ஜார்ஜியாவில் மே நடுவில் பீச் வரத் தொடங்கி ஆகஸ்ட் வரை இருக்கும், இடையில் பிளாக்பெர்ரி, செப்டம்பர் அக்டோபரில் எலிஜே ஊர்ப் பக்கத்து ஆப்பிள், குளிர்காலத்தில் கோடையிலேயே நறுக்கி ஃப்ரீசரில் வைத்த பீச். எல்லாம் எழுதியாயிற்று, தலைப்புக்குத்தான் சொல் இல்லை. அகராதியைப் பார்த்த ஒரு பையன் 'செருப்புத் தைப்பவர்' என்று எழுதி வந்தான். காப்ளர் சாப்பிடாதவர்களுக்கு: ஆழமான தட்டில் பழத்துண்டு, சர்க்கரை, கொஞ்சம் கார்ன்ஃப்ளார். அதன்மேல் வெண்ணெயும் பேக்கிங் பவுடரும் சேர்த்த மாவைக் கரண்டி கரண்டியாக வைத்து, 375 டிகிரி பாரன்ஹீட்டில் பழச்சாறு ஓரத்தில் கொதித்துப் பொங்கும்வரை ஓவனில் வைக்க வேண்டும். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.

மதுரையிலிருந்து:

அம்மா, பழவடை என்று வையுங்கள். மதுரைக்காஞ்சியில் அப்பவாணிகரான கூவியர் விற்பனவற்றுள் 'நல்வரி இறாஅல் புரையும் மெல்லடை' வருகிறது. இறால் என்றால் தேன்கூடு, அதைப்போல மெல்லிய அடை. அடு என்றால் சமைத்தல், அடை என்றால் மூடுதல், பழத்தை மாவால் மூடிச் சமைப்பதற்கு இரண்டும் பொருந்துகின்றன. கோழி அடைகாப்பதும் மூடுவதுதானே. வெற்றிலைக்கும் அடை என்று பெயர் உண்டு, அடைகாய், அடைப்பை எல்லாம் அதிலிருந்து வந்தவை. இலையில் பொதிந்து வேகவைத்த பண்டம்தான் முதல் அடையோ என்று எனக்கு நெடுநாளாக ஓர் எண்ணம். சேரநாட்டு இலையடையைப் பாருங்கள். தனியாக எழுதுகிறேன்.

கோவையிலிருந்து:

ஐயா, இலக்கணப்படி பழவடை சரிதான், ஆனால் வாசிக்கிற யாருக்கும் அது பழ வடை. எண்ணெய்ச் சட்டிதான் கண்முன் வரும். கனி என்று மாற்றினால் 'இ ஈ ஐ வழி யவ்வும்' என்ற நன்னூல் விதிப்படி இடையில் யகரம் வந்து கனியடை ஆகிவிடும், வடை ஒழிந்தது.

டொராண்டோவிலிருந்து:

ஏன் இந்தப் பாடு? யாழ்ப்பாணத்தில் ரொட்டியைப் பாண் என்றும் அதைச் சுடும் அடுப்பைப் போறணை என்றும் சொல்லித்தான் வளர்ந்தோம், இரண்டும் போர்த்துக்கீசர் விட்டுப்போனவை. அதனால் எங்கள் தமிழ் குறைந்துபோகவில்லை. பிற நிலத்திலிருந்து வந்த திசைச்சொல்லுக்குத் தொல்காப்பியரே இடம் கொடுத்திருக்கிறார். 'ப்ள' நாவுக்கு ஒத்துவராது, ஆகவே காப்பிளர் என்று எழுதுங்கள். பக்கத்து வீட்டு அம்மா சுடச்சுடக் கொண்டுவந்து தரும்போது பிள்ளை கனியடை என்றா சொல்லப்போகிறது?

சென்னையிலிருந்து:

ஒரு சொல்லை மட்டும் பார்க்காதீர்கள், இதற்கு ஒரு குடும்பமே இருக்கிறது. கிரம்பிள், கிரிஸ்ப், பக்கிள், ஸ்லம்ப், கிரண்ட், பேன்டௌடி, பிரௌன் பெட்டி. நாளைக்கு ஒருவர் கிரம்பிளுக்குக் கேட்டால் என்ன செய்வீர்கள்? எல்லாவற்றுக்கும் பொதுவாகக் கனியடை. உதிர்த்த மாவைத் தூவினால் உதிரடை. காப்ளருக்குப் பரலடை. கரண்டி கரண்டியாக வைத்த மாவு எழும்பி வெந்தால் கல் பாவிய தெரு மாதிரி இருக்கும், ஆங்கிலப் பெயரே அதனால்தான் வந்தது என்று பலர் சொல்கிறார்கள். பரல் என்றால் பருக்கைக்கல், சிலம்புக்குள் இட்டதும் பரல்தான்.

அட்லாண்டாவிலிருந்து:

அண்ணா, பரலடை கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் எங்கள் தெருவில் பாதி வீடுகளில் கரண்டியால் வைப்பதே இல்லை. உருகிய வெண்ணெயில் நீர்த்த மாவை ஊற்றி, அதன்மேல் பழத்தைப் போட்டுவிடுவார்கள். வேகும்போது மாவு பழத்தைத் தாண்டி எழும்பி மூடிக்கொள்ளும். மேலே கல்லும் இல்லை, பரலும் இல்லை. அதுவும் காப்ளர்தான். இன்னொன்று, 1859இல் வந்த பார்ட்லெட்டின் அமெரிக்க வழக்குச்சொல் அகராதியில் பானையின் உள்ளே தடித்த மாவைப் பரப்பி அதில் பழம் இடுவது என்றுதான் காப்ளருக்கு விளக்கம் இருக்கிறது. இப்போது பெரும்பாலும் அடியில் மாவே கிடையாது. பண்டமே இப்படி மாறிவந்திருக்கும்போது வடிவத்தை வைத்துப் பெயர் கட்டினால் நிற்காது. மூடுவது என்ற பொருள் மட்டும் எல்லா வகைக்கும் ஓரளவு ஒத்துவருகிறது. அதனால் என் கை கனியடைக்கு.

சென்னையிலிருந்து:

பொதுப்பெயரைச் சிறப்புப்பெயராக்குகிறீர்கள். பின்னால் வருகிறவர்களுக்குச் சிக்கல். என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

கோவையிலிருந்து:

மூன்று நாளாயிற்று, நூல் அச்சேற வேண்டும். கனியடை போதும்.

அட்லாண்டாவிலிருந்து:

சரி, கனியடை நாலு பேர், பரலடை ஒருவர், காப்பிளர் இரண்டு பேர். அட்டையில் கனியடை, முதல் பக்கத்தில் ஒருமுறை மட்டும் 'காப்பிளர் என்னும் கனியடை' என்று போடுகிறேன். டொராண்டோ அக்கா கேட்டதற்காக மட்டுமில்லை, அது இல்லாவிட்டால் பிள்ளைகளின் நண்பர்கள் வீட்டில் யாருக்கும் புரியாது. எல்லோருக்கும் நன்றி.

மதுரையிலிருந்து:

மகிழ்ச்சி அம்மா. பழவடையை நான் இன்னும் விடவில்லை, வடைக்கு அஞ்சி விதியை விடக்கூடாது. அப்புறம் உள்ளே பீச் பீச் என்றே எழுதியிருக்கிறீர்களே, குழிப்பேரி என்று மாற்ற நேரம் இருக்கிறதா?